இல்லாத காலின் கூச்சம்

எங்கள் மாமாவுக்கு வலது கால் போன பிறகும் வலது உள்ளங்காலில் கூச்சம் போகவில்லை. இதை முதலில் கண்டுபிடித்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கண்டுபிடிப்பு என்று இப்போது பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தென்னந்தோப்பில் நான்கு குழி வெட்டிய பாடு மிச்சமாகியிருக்கும். என் வெள்ளிக் கொலுசும் என் காலிலேயே இருந்திருக்கும்.

மாமா அம்மாவின் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே ஓடும் ஒரு டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணம் ஆகவில்லை, தாய் தகப்பனும் இல்லை. அதனால் இராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். நாள் முழுக்க நின்றபடியே டிக்கெட் கிழித்துவிட்டு சாயங்காலம் வந்து காலை நீட்டிப் படுப்பார். அந்த நேரத்துக்காக நான் காத்திருப்பேன். மாமாவின் அக்குளில் கையை விட்டு என்ன ஆட்டினாலும் பிள்ளையார் சிலை மாதிரி இருப்பார். இடுப்பில் குத்தினாலும் அசைய மாட்டார். உள்ளங்காலில், அதுவும் வலது உள்ளங்காலில், விரல் பட்டுவிட்டால் போதும். மீசை வைத்த ஆள், படியில் தொங்குகிற காலேஜ் பையன்களை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றுகிற ஆள், தரையில் உருண்டு கெஞ்சுவார்.

குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, கடைசியில் நண்டு ஊர்ந்து அக்குளுக்குப் போகும் விளையாட்டு எல்லா வீட்டிலும் உண்டு. நாங்கள் அதைக் காலில் விளையாடினோம். குதிகாலில் கடைய வேண்டும். பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பங்கு. சுண்டுவிரலுக்கு மட்டும் பங்கு கிடையாது. அங்கிருந்துதான் நண்டு புறப்பட்டு உள்ளங்காலுக்கு இறங்கும். ஆனால் நண்டு இறங்கும்வரை மாமா தாங்கியதே இல்லை. நான் நாலாவது விரலில் இருக்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். தொடாத விரலுக்கு ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு அப்போதே ஆச்சரியமாக இருக்கும்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் பைக்கில் வந்த மாமாவை லாரி தட்டிவிட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்துவிட்டார்கள். அம்மா செல்போனில் இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு நடுவிலேயே, எடுத்த காலை எங்கே வைத்திருப்பார்கள் என்ற யோசனையும் ஓடியது.

அந்தக் காலின் பொறுப்பைப் பெரிய மாமா ஏற்றுக்கொண்டாராம். பெரிய மாமா அம்மாவின் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் வேலை. குடும்பத்தில் பிணம், விபத்து, கோர்ட்டு என்று எது வந்தாலும் அவர்தான் முன்னால் நிற்பார். ஆஸ்பத்திரியில் சொல்லி காலைத் துணியில் பொதிந்து வாங்கிவந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் குடும்பத்துத் தென்னந்தோப்பின் ஓரத்தில் புதைத்துவிட்டதாகச் சொன்னார். தம்பியின் உடம்பில் ஒரு பங்கு வேற்றூரில் குப்பையோடு போகக் கூடாது என்பது அவர் நியாயம். எல்லோரும் அவருடைய நெஞ்சுரத்தை மெச்சினார்கள். அவர் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. அதையும் மெச்சினார்கள்.

ஆவணியில் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டுகிற வேலை பார்த்தாள். காலையில் போகிறவள் சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சு ஒட்டத் திரும்பி வருவாள். மாமாவின் முழங்காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, இது நம்ம ஊர் உருப்படிதான் என்று சொல்லி வைத்தாள். ஊரிலிருந்து லாரி லாரியாக எங்கெங்கோ போகிற துணி, யார் யாருடைய உடம்பைச் சுற்றப் போகிறது என்று அன்றுவரை அவள் யோசித்ததில்லையாம். அதன் பிறகு வேலைக்குப் போனால் அதே யோசனையாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள்.

அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட். பள்ளிக்கூடம் விட்டு நான் நாலு மணிக்கு வருவேன். அம்மா வர ஐந்தரை ஆகும். அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் மாமாவும் நானும்தான். மாமா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருப்பார். யாரோடும் பேசமாட்டார். போர்வையை மட்டும் எப்போதும் முழு நீளத்துக்கு, இரண்டு காலுக்குமாக இழுத்து விட்டிருப்பார். இடது பக்கம் போர்வை பாதம் வரைக்கும் மேடாக இருக்கும். வலது பக்கம் முழங்காலோடு மேடு முடிந்து, அப்புறம் பாயோடு பாயாகப் படிந்து கிடக்கும். அந்தத் தட்டையான இடத்தை நான் மிதிக்காமல் சுற்றித்தான் போவேன். யாரும் சொல்லித்தரவில்லை.

ஒருநாள் அந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாவம் என்றெல்லாம் தோன்றவில்லை. விளையாட்டு விட்டுப்போய்விட்டதே என்ற எரிச்சல்தான். நுனிக்காலில் சத்தமே இல்லாமல் வந்ததாக எனக்கு நினைப்பு. மாமாவின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, போர்வைக்கு ஒரு சாண் மேலே, குதிகால் எங்கே இருக்குமோ அங்கே, வெறுங்காற்றில் பருப்புக் கடைந்தேன். பெருவிரலுக்கு ஒரு பங்கு வைத்தேன். என் முழங்காலைத் தரையில் தேய்த்து நகர்ந்து அடுத்த விரலுக்கு வைத்தேன். பிறகு அதற்கடுத்தது. நாலாவது விரலுக்கு வந்தபோது மாமாவின் தோள் குலுங்கியது.

சிரிக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. பழைய சிரிப்பேதான், தொண்டையில் அடக்கி அடக்கி வைத்து, முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. முகம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் கையை இழுத்துக்கொண்டேன். அவரும் நிறுத்திவிட்டார். கை முழுக்க மயிர்க்கூச்செறிந்து நின்றதை இப்போதும் உணர முடிகிறது. எழுந்து அடுக்களைக்குப் போய் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

பயந்தவள் விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். கால் அங்கேதான் இருக்கிறது, பெரியவர்களின் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஒருநாள் என் விரல் மெல்ல நகர்ந்து சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே வந்தபோது, சுவரைப் பார்த்தபடியே மாமா முனகினார்.

"சுண்டுவிரலு வேண்டாம். சுண்டுவிரலுக்குப் போகாத."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரையோ பார்த்தும் சொல்லவில்லை. என் விரல் நின்ற இடத்தை அவர் அவ்வளவு சரியாகச் சொன்னதில் விரலை அப்படியே மடக்கிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு அத்தை இருந்தாள். அவளுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். நாலு மணியானால் இந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்கிறது என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா என்னைக் கூப்பிட்டு, நீ அப்போது எங்கே இருந்தாய் என்று கேட்டாள். வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன் என்று சொன்னேன். அந்தப் பொய்யைச் சொன்ன கணமே மாமா தனியாகச் சிரிக்கிற ஆளாகிவிட்டார். அது எனக்குத் தெரியவில்லை.

அம்மா மாமாவிடம் போய்க் கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாட்டிவிடப் போகிறார் என்று நினைத்தேன். மாமா என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கால் கூசுதுக்கா" என்றார்.

அம்மா இடது காலைத் தடவிக் கொடுத்தாள். மாமா தலையை ஆட்டிவிட்டு, போர்வையில் அந்தத் தட்டையான இடத்தைக் காட்டினார். அம்மா கையை நெருப்பில் வைத்தவள்போல எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் தாழ்ந்த குரலில்தான் பேச்சு. இப்படியே சிரித்தால் மூளை கலங்கிப்போகும் என்று அம்மா பயந்தாள். சிரிப்பு சரியாக நாலு மணிக்கு வருவதுதான் அவளை மிகவும் வாட்டியது. நோய்க்கு மணி பார்க்கத் தெரியுமா என்று கேட்டாள். அப்பா டாக்டரைப் பார்க்கலாம் என்றார். அதற்குள் பக்கத்து வீட்டு அத்தை காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கால எங்க பொதச்சிய? சீமலு ஏறிருக்கும். எறும்பு, எறும்பு. அங்க எறும்பு ஊருனா இங்க கூசத்தான செய்யும்."

தோண்டி எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு, எறும்பு அண்டாமல் ஆழமாகப் புதைக்க வேண்டுமாம். அவர்கள் வகையில் யாருக்கோ இப்படிச் செய்துதான் அரிப்பு நின்றதாம். அம்மா உடனே பெரிய மாமாவுக்குப் போன் போட்டாள். அவருக்கு அந்த வாரம் பந்தோபஸ்து. அடுத்த வாரமும் பந்தோபஸ்து. ஊரில் அப்படி என்ன கலவரம் என்று அப்பாவே கேட்கும்படி ஆயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அம்மா, அப்பா, நான் மூவரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் தோப்புக்கே போய்விட்டோம். என்னை விட்டுவிட்டுப் போக அம்மா துணியவில்லை. நாள் முழுக்க மாமாவோடு தனியாக இருக்க வேண்டாம் என்று சொன்னாள்.

வேறு வழியில்லாமல் பெரிய மாமாவும் வந்து ஒரு தென்னையடியைக் காட்டினார். அப்பா மண்வெட்டியால் வெட்டினார். முட்டளவு வெட்டியும் ஒன்றுமில்லை. பெரிய மாமா நெற்றியைத் துடைத்துவிட்டு அடுத்த தென்னையைக் காட்டினார். அங்கேயும் வேரும் மண்ணும்தான். மூன்றாவது குழியில் ஒரு உடைந்த வளையல் துண்டு கிடைத்தது. நாலாவது குழியைப் பெரிய மாமாவே சட்டையைக் கழற்றிவிட்டு வெட்டினார். உச்சிவெயில். தோப்பில் காற்றே இல்லை. ஓலை ஒன்றுகூட அசையவில்லை. நான்கு குழிகளும் வாயைத் திறந்துகொண்டு வரிசையாகக் கிடந்தன.

"அண்ணே, கால் எங்கண்ணே போச்சு?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

பெரிய மாமா மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. கால் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டது. தினமும் நாலு மணிக்கு அதன் உள்ளங்காலில்தானே நான் பருப்புக் கடைகிறேன். இதை நினைத்தவுடன் தோப்பு வெயிலிலும் எனக்குக் குளிரெடுத்தது. ஒற்றைக் கால் டவுன் பஸ் ஏறுமா, ரோட்டோரமாகவே நடந்து வருமா என்றெல்லாம் பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் வாசல் மண்ணில் தடம் இருக்கிறதா என்று தேடினேன். மாமாவின் இடது தடமும் அவர் ஊன்றி நடக்கும் கட்டைக் குச்சியின் புள்ளிகளும் மட்டும் இருந்தன. அதனால் எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். தொட வேண்டாம் என்று தீர்மானித்துத்தான் வந்தேன். தண்ணீர் குடிக்க மாமா படுத்திருக்கும் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். நிலைப்படியில் ஒரு காலை வைத்தேன்.

மாமா சிரிக்க ஆரம்பித்தார்.

முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. போர்வை தட்டையாகக் கிடந்தது. நான் வாசலிலேயே நிற்கிறேன். இரண்டு கையிலும் பைக்கட்டு. நான் கடையவில்லை. பங்கு வைக்கவில்லை. அப்படியானால் அங்கே உட்கார்ந்து கடைந்துகொண்டிருப்பது யார்? பையைப் போட்டுவிட்டு தெருவுக்கு ஓடினேன். அம்மா வரும்வரை தெருமுனையில், காயப்போட்டிருந்த வெள்ளைத் துணிகளுக்கு அருகே உட்கார்ந்திருந்தேன். நான் தொடங்கி வைத்தது நான் இல்லாமலே நடக்க ஆரம்பித்துவிட்டது என்பது மட்டும் நன்றாக விளங்கியது. மாமாவின் மூளை கலங்கினால் அதற்கு நான்தான் பொறுப்பு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பெருமாளிடம் சொல்வது என்று முடிவு செய்தேன். புரட்டாசி பிறந்திருந்தது. முதல் சனிக்கிழமை அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் மலைமேல் பெருமாள் இருக்கும் திருவண்ணாமலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மாமா வீட்டில் அப்பாவோடு இருந்தார். அடிவாரத்துக் கடையில் கண், கை, கால் என்று உருவம் அடித்த தகடுகள் விற்றார்கள். அம்மா ஒரு கால் தகடு வாங்கினாள். இது வலதா இடதா என்று கடைக்காரரிடம் கேட்டாள். எந்தப் பக்கம் பார்க்கிறீர்களோ அந்தக் கால் என்று அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கூட்டத்தில் நசுங்கி மலையேறினோம். உண்டியலில் அம்மா தகட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சமயத்தில் நான் குனிந்து என் கொலுசு இரண்டையும் கழற்றி உள்ளே போட்டுவிட்டேன். என்னிடம் இருந்ததிலேயே பெரிய பொருள் அதுதான். இனிமேல் மாமா காலுக்குக் கூச்சம் காட்ட மாட்டேன், நாலு மணிக்கு அந்த அறைக்கே போக மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

இறங்கும்போது பாதிப் படியில்தான் அம்மா கவனித்தாள். விஷயத்தைக் கேட்டதும் திரும்பிச் சன்னிதி இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெருமாளுக்குப் போனதைத் திருப்பிக் கேட்க முடியாது. அதனால் என் தொடையில் பலமாகக் கிள்ளினாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் திங்கட்கிழமையே நின்றுவிட்டது. நாலு மணிக்கு நான் பக்கத்து வீட்டு அத்தையிடம் போய் உட்கார்ந்துகொள்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்காது. அம்மா பெருமாளைக் கும்பிட்டாள். அத்தை, தோண்டியதில் எறும்பு கலைந்துவிட்டது என்றாள். பெரிய மாமா போனில், நாலு குழி வெட்டினது சும்மாவா என்றாராம்.

பல வருஷம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, பெரிய மாமா ஒரு கல்யாண வீட்டில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவர் காலை வாங்கவே இல்லை. அந்த அறைக் கதவு வரை போனவர், தம்பியின் கால் துணியில் சுற்றி மேஜைமேல் இருப்பதைப் பார்த்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாராம். எத்தனையோ பிணம் தூக்கிய கை, அதைத் தொட வரவில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் உச்சிவெயிலில் நான்கு குழி வெட்டியிருக்கிறார்.

என் பங்குக்கு நான் பிசியோதெரபி படிக்கப் போனேன். அங்கே கூச்சத்தைப் பற்றியும் ஒரு பாடம் வந்தது. எறும்பு ஊர்ந்தால் வருகிற கூச்சம் ஒன்று. அது நெளிய வைக்கும், சிரிக்க வைக்காது. சிரிக்க வைக்கிற கூச்சம் வேறு. அதை யாரும் தனக்குத்தானே மூட்டிக்கொள்ள முடியாது. தன் கை எங்கே போகும் என்பது மூளைக்கு முன்பே தெரிந்திருப்பதால் அந்தத் தொடுகை மழுங்கிவிடும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் தொடக்கூட வேண்டாம். விரலை ஆட்டிக்கொண்டு வருகிறார் என்று தெரிந்தாலே போதும், உடம்பு முந்திக்கொண்டு சிரித்துவிடும். வெட்டி எடுத்த காலும் மூளைக்குள் இருந்த இடத்திலேயே இருக்கும். பலருக்கு அது வலியாகத்தான் இருக்கும், எரியும், முறுக்கும். மிகச் சிலருக்கே அது நல்ல காலாக இருக்கும்.

இதைப் படித்த அன்று வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்து நடந்தாள். அவள் காலில் கொலுசு கிடந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமாவின் முகம் சுவரைப் பார்த்திருந்தாலும் காது திறந்துதான் இருந்தது. நான் நிலைப்படியில் கால் வைத்த சத்தமும், முழங்காலைத் தேய்த்து விரல் விரலாக நகர்ந்த சத்தமும் அவருக்குக் கேட்டிருக்கிறது. பங்கு எந்த வரிசையில் வரும் என்பது எங்கள் இருவருக்கும் மனப்பாடம். நாலு மணி வரை அந்த இடத்தில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. வலியாகத்தான் இருந்திருக்கும், பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். கொலுசுச் சத்தம் கேட்டதும் அந்த இடத்தில் பழைய கால் வந்திருக்கிறது.

மாமா இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். செயற்கைக் கால் போட்டு நன்றாக நடக்கிறார். நான் நினைத்தது சரிதானா என்று இதுவரை அவரிடம் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அந்த வருஷம், சிரிப்பு நின்று பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். காலாண்டு விடுமுறை. அம்மாவுக்கும் அன்றைக்கு வேலை இல்லை. பகலில் எதையோ எடுக்க அந்த அறைக்குள் போனேன். மாமா சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். நான் பாதி அறையைக் கடந்த பிறகுதான் ஆள் வந்திருப்பதே தெரிந்து திடுக்கிட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்க்காமல் முதலில் என் காலைப் பார்த்தார்.

"ஏட்டி, கொலுச எங்க?"

உண்டியலில் போட்டுவிட்டதைச் சொன்னேன். உங்கள் கால் கூசக் கூடாது என்றுதான் போட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகவும் சொன்னேன். மாமா திட்டவில்லை. அந்தத் தட்டையான இடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, போர்வையின் வலது பக்கத்தை நுனியிலிருந்து மெதுவாக மடித்துக்கொண்டு வந்து முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டார். பாயில் அந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் போர்வையை அந்தப் பக்கம் நீட்டி விட்டதே இல்லை.

மாமாவுக்குச் சரியாகிவிட்டது என்று அடுக்களைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். இனி அந்த இடத்தைச் சுற்றிப் போக வேண்டியதில்லை, நேராகவே நடக்கலாம் என்று எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம்.